யாகுசா ரசிகர்களுக்கு ஒரு சேலத்து முதலாளி

நம்ம காலேஜ்ல இப்போ யாகுசா படங்கள் ஒரு காய்ச்சல் மாதிரி பரவியிருக்கு. தகாகுரா கென் கத்தியை உருவுறதுக்கு முன்னாடி அமைதியா நிக்கிறது, ஃபுகாசாகுவோட கேமரா குலுங்கிக்கிட்டே ஓடுறது, சுசுகியோட கலர் பைத்தியம், எல்லாத்தையும் பத்தி மெஸ்ஸில் மணிக்கணக்கில் பேசுறோம். ஆனா அந்தப் படங்கள் எப்படி வந்தது என்பதை யாரும் பேசுவதில்லை. அவை ஒரு ஃபேக்டரியிலிருந்து வந்தவை. தோயே கம்பெனி தன் தியேட்டர்களுக்கு ஓயாமல் புதுப் படம் அனுப்பியாக வேண்டும். அதுவும் ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம். 'அபாஷிரி சிறை' வரிசையில் மட்டும் 18 படங்கள். ஃபுகாசாகுவின் 'மானமும் மனிதமும் இல்லாத சண்டைகள்' வரிசையில் ஐந்து படங்கள், 1973, 1974 என்ற இரண்டே வருஷத்தில். நடிகர், டைரக்டர், கேமராமேன் எல்லாரும் கம்பெனி ஆட்கள். சொன்ன தேதிக்குப் படம் வெளியே வரணும், அவ்வளவுதான்.

இப்படி ஒரு படத் தொழிற்சாலை நம்ம பக்கம் இருந்ததா என்று கேட்டால் பாதிப் பேர் பம்பாயைச் சொல்வார்கள், மீதிப் பேர் கோடம்பாக்கத்தைச் சொல்வார்கள். அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். சேலத்தில் அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு ரோட்டில் போனால் ஒரு பழைய நுழைவு வளைவு நிற்கும். மாடர்ன் தியேட்டர்ஸ். நாம் அதைத் தாண்டித்தான் வண்டியில் ஏற்காடு போகிறோம். அந்தத் தொழிற்சாலையைக் கட்டியவர் டி.ஆர்.சுந்தரம். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

அவர் பேரில் இருக்கிற 'டி' திருச்செங்கோடு. முழுப் பேர் திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம். பிறந்தது 1907 ஜூலை 16. இன்றைக்குத் திருச்செங்கோடு என்றால் நமக்கு மலைக்கோயிலும் ரிக் லாரியும் ஞாபகம் வரும், அப்புறம் நம்ம மாதிரி ஆட்களுக்கு இன்ஜினியரிங் காலேஜ்கள். அன்றைக்கு அது நூலும் தறியுமாக வாழ்ந்த ஊர். சுந்தரத்தின் குடும்பம் ஜவுளி வியாபாரத்தில் வசதியாக இருந்த குடும்பம். பையனை இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். லீட்ஸும் துணி ஆலைகளின் ஊர்தான், ஒரு பெரிய திருச்செங்கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவர் படித்தது ஜவுளித் தொழில்நுட்பம். அதாவது நம்ம ஆள், டெக்ஸ்டைல் டிபார்ட்மென்ட். திரும்பி வரும்போது பட்டத்தோடு கிளாடிஸ் என்ற ஆங்கிலேய மனைவியும் கூட வந்தார். முப்பதுகளின் சேலத்தில் இது எவ்வளவு பேச்சைக் கிளப்பியிருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

படித்த படிப்புக்கு ஒரு மில் ஆரம்பித்திருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில்தான் சினிமா பேசத் தொடங்கியிருந்தது. 1931-ல் முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' வந்தது. அதை எடுத்தது பம்பாயில். அதுக்கப்புறம் சில வருஷம் தமிழ்ப் படம் என்றால் பம்பாய் அல்லது கல்கத்தாவுக்கு ரயில் ஏறணும். நடிகர்கள், பாட்டுக்காரர்கள், ஆர்மோனியம், சமையல்காரர் உட்பட ஒரு நாடகக் கம்பெனியே மூட்டை கட்டிக்கொண்டு போகும். மொழி தெரியாத ஊரில் தங்கி, மொழி தெரியாத டெக்னீஷியன்களோடு சைகையில் பேசி, வாடகை ஸ்டுடியோவில் படத்தை முடித்துக்கொண்டு வரும். சேலத்தில் வேலாயுதம் பிள்ளையின் ஏஞ்சல் பிலிம்ஸ் இந்த வழியில் படமெடுத்துக்கொண்டிருந்தது. சுந்தரம் அதில் பங்குதாரராகச் சேர்ந்தார். 'திரௌபதி வஸ்திராபஹரணம்', 'நல்லதங்காள்' எல்லாம் அந்தக் கம்பெனிப் படங்கள்.

ஜவுளி தெரிந்த ஒருவருக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு கேவலமாகப் பட்டிருக்கும்! பாவும் ஊடையும் இங்கே, தறி மட்டும் ஆயிரம் மைல் தள்ளி. ஆளைத் தறியிடம் கூட்டிப்போவதற்குப் பதில் தறியை ஊருக்குக் கொண்டுவந்தால் என்ன? 1935-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். பேரைக் கவனியுங்கள். சாமி பேர் இல்லை, குடும்பப் பேர் இல்லை, மாடர்ன். 1937-ல் முதல் படம் 'சதி அகல்யா' வந்தது. இலங்கையிலிருந்து வந்த தவமணி தேவிக்கு அதுதான் அறிமுகப் படம்.

ஏற்காடு மலை அடிவாரத்தில் சும்மா ஒரு கொட்டகை போடவில்லை அவர். படப்பிடிப்புத் தளங்கள், ஒலிப்பதிவு, பிலிம் கழுவும் லேப், எடிட்டிங், செட் போடும் தச்சுப் பட்டறை, துணிமணி, வந்தவர்கள் தங்க இடம், எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். வெளிப்புறக் காட்சிக்கு மலையும் காடும் பின்பக்கமே இருந்தது. கதையாக உள்ளே போவது படப்பெட்டியாக வெளியே வரும். பஞ்சு போய்ச் சேலையாக வருகிற காம்போசிட் மில் மாதிரி. தெரியாத வேலைக்கு வெளிநாட்டு ஆட்களைக் கூட்டிவந்தார். ஜெர்மன் ஒளிப்பதிவாளர் ஒருவர் சேலத்து வெயிலில் நின்று நம்ம ஊர்ப் படங்களுக்கு லைட் போட்டார். பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பையன்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். நம்ம இன்டஸ்ட்ரியல் ட்ரெய்னிங் மாதிரி இல்லை. நிஜமாகவே கற்றுக்கொண்டார்கள்.

மலையாள சினிமாவின் முதல் பேசும் படம் 'பாலன்' 1938-ல் வந்தது. அதை எடுத்ததும் இதே சேலம் ஸ்டுடியோதான். தயாரிப்பு சுந்தரம், இயக்கம் எஸ்.நொட்டாணி. கேரளத்துக்காரர்கள் தங்கள் சினிமா வரலாற்றை எழுதும்போது முதல் அத்தியாயத்திலேயே சேலம் வந்துவிடுகிறது. இன்று அந்தப் படத்தின் பிரதி இல்லை. 1961-ல் மலையாளத்தின் முதல் முழுநீளக் கலர் படம் 'கண்டம் பெச்ச கோட்டு' வந்தது. அதையும் சுந்தரமே தயாரித்து இயக்கினார். முதல் பேச்சும் முதல் கலரும் நம்ம ஊர் முதலாளி கையால்.

1940-ல் வந்த 'உத்தம புத்திரன்' பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும். பி.யு.சின்னப்பா இரட்டை வேடம். தமிழில் ஒரு நாயகன் இரண்டு வேடத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. முந்தின வருஷம் ஹாலிவுட்டில் வந்திருந்த 'இரும்பு முகமூடி மனிதன்' படத்தின் கதையைத் தழுவியது. ஒரே ராஜா குடும்பத்து இரட்டையர், ஒருவன் நல்லவன், ஒருவன் கொடியவன். அந்தக் காலத்தில் ஒரே ஆளை ஒரே ஃபிரேமில் இரண்டு தடவை காட்ட என்ன செய்வார்கள் தெரியுமா? கேமராவை அசையாமல் பூட்டிவிட்டு லென்ஸில் பாதியை மறைப்பார்கள். நடிகர் ஒரு பக்கம் நின்று நடிப்பார். பிலிமை ஃபிரேம் எண்ணி அப்படியே பின்னால் சுற்றி, இப்போ மறுபாதியை மறைத்து, டிரஸ் மாற்றிய அதே நடிகரை மறுபக்கம் நிற்க வைப்பார்கள். முதல் தடவை பேசியதற்கு எத்தனை செகண்டில் பதில் சொல்லணும் என்பதை நடிகர் மனசில் எண்ணிக்கொள்ள வேண்டும். ஒரு ஃபிரேம் தப்பினாலும், கேமராவை யாராவது இடித்தாலும் இரண்டு ஷாட்டும் குப்பை. மானிட்டர் கிடையாது. லேபில் கழுவிப் பார்க்கும் வரை சரியா தப்பா தெரியாது. கன்ட்ரோல் இசட் இல்லாத உலகம். இதுக்கு ஒரு மேதை மட்டும் போதாது, பத்துப் பேர் ஒரே ஒழுங்கில் வேலை செய்யணும். அந்த ஒழுங்கைத்தான் சுந்தரம் கொண்டுவந்தார் என்று நினைக்கிறேன். ஹாலிவுட் கதையை யார் வேண்டுமானாலும் சுடலாம், அந்த ஷாட்டைச் சுட முடியாது.

அப்புறம் யுத்தம் வந்தது. பிலிம் பற்றாக்குறை. படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது. 35 எம்.எம். பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும், அப்போ கணக்குப் போட்டால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. இருபது, முப்பது பாட்டு வைத்து எடுத்துக்கொண்டிருந்த தமிழ் சினிமாவுக்கு இது பெரிய அடி. சுந்தரம் மாதிரி அளந்து எடுப்பவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. யுத்த ஆதரவுப் படம் எடுக்கச் சொல்லித் தயாரிப்பாளர்களுக்கு நெருக்கடியும் இருந்தது. அப்படி வந்தது 1945-ன் 'பர்மா ராணி'. ஜப்பான் பிடித்திருந்த பர்மாவில் மாட்டிக்கொள்ளும் இந்திய விமானப்படையினர் கதை. அதில் ஜப்பானிய ராணுவ அதிகாரியாக நடித்தவர் யார் என்றால், முதலாளி சுந்தரமே! யாகுசா படத்துக்கு ஜப்பானியர் வேஷம் தேடுகிற நம்ம ஷார்ட் ஃபிலிம் க்ளப் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இனி அவர் பேரைச் சொன்னாலே எல்லாரும் சொல்லும் விஷயத்துக்கு வருவோம். கண்டிப்பு. மாடர்ன் தியேட்டர்ஸில் நேரம் என்றால் நேரம். கதை முழுசாக எழுதி முடிந்த பிறகுதான் படப்பிடிப்பு. எந்த நாளில் எந்த செட்டில் எந்தக் காட்சி என்று முதலிலேயே திட்டம். டெக்னீஷியன்கள், எழுத்தாளர்கள், பல நடிகர்கள் மாதச் சம்பளத்தில். வருஷத்துக்கு மூன்று படம் சராசரியாக வெளியே வந்துகொண்டே இருக்கும். ஒரு தளத்தில் விளக்கு எரிகிற ஒவ்வொரு நிமிஷமும் காசு. தறி நின்றால் நஷ்டம் என்று சின்ன வயசிலேயே பார்த்தவர் அவர். பெரிய ஸ்டார் தாமதமாக வந்தால் காத்திருக்க மாட்டார், டூப் போட்டு எடுத்துவிடுவார் என்று ஒரு கதை சேலத்தில் இன்றும் சொல்வார்கள். அந்த ஸ்டார் எம்.ஜி.ஆர். என்றும், படம் 'அலிபாபா' என்றும் சேர்த்துச் சொல்வார்கள். சொல்லச் சொல்ல வளர்ந்த கதையாகவும் இருக்கலாம். நிச்சயமாகச் சொல்லக்கூடியது, எம்.ஜி.ஆர். நாயகனாக இங்கே நடித்தது 'மந்திரி குமாரி', 'சர்வாதிகாரி', 'அலிபாபா' என்ற மூன்று படங்களில்தான்.

இங்கே எனக்கு ஒரு சங்கடம் இருக்கு. ஜப்பான் பக்கம் பார்க்கும்போது நாம் எல்லாரும் கம்பெனிக்கு எதிராக நிற்கிறோம். நிக்காட்சு கம்பெனி சுசுகி செய்ஜுனுக்கு வருஷாவருஷம் அச்சில் வார்த்த மாதிரி ரவுடிக் கதைகளைக் கொடுத்தது. அவர் அதுக்குள் தன் விளையாட்டை எல்லாம் விளையாடி 1967-ல் 'கொல்லப் பிறந்தவன்' எடுத்தார். படம் புரியவில்லை என்று முதலாளி அடுத்த வருஷம் வேலையை விட்டே தூக்கினார். சுசுகி கோர்ட்டுக்குப் போனார், பத்து வருஷம் அவருக்குப் படமே இல்லை. நம்ம ஹீரோ சுசுகி. வில்லன் முதலாளி. அதே கண்ணாடியோடு சேலத்தைப் பார்த்தால் சுந்தரம் யார்? வேலை செய்த நூற்றுக்கணக்கான பேரில் எத்தனை பேர் டைட்டிலில் வந்தார்கள், எத்தனை பேர் ஒரு ஷாட்டை வேற மாதிரி எடுக்கலாமே என்று நினைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்? இது பற்றி எழுதியவர்கள் எல்லாரும் கண்டிப்பு, கண்டிப்பு என்று பெருமையாகவே எழுதுகிறார்கள். அந்தக் கண்டிப்பை வாங்கிக்கொண்டவர் பக்கம் இருந்து யாரும் எழுதின மாதிரி தெரியலை.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. நிக்காட்சு முதலாளி ஆபீஸில் உட்கார்ந்து புரியலை என்றவர். சுந்தரம் தளத்தில் நின்றவர். தயாரிப்பாளராக மட்டும் இல்லை, பல படங்களை அவரே இயக்கினார். எடுக்கத் தெரிந்தவர் திட்டினால் அது வேற, தெரியாதவர் திட்டினால் அது வேற. லேபில் நம்மை யார் திட்டினால் கோபம் வருது, யார் திட்டினால் வரலை என்று யோசித்துப் பாருங்கள்.

அதோடு, எல்லாரையும் அச்சில் வார்த்தார் என்றும் சொல்ல முடியாது. 1950-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ஒரே வருஷத்தில் மூன்று படங்கள். 'பொன்முடி', பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்திலிருந்து. 'திகம்பர சாமியார்', வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவலிலிருந்து. 'மந்திரி குமாரி', குண்டலகேசி கதையிலிருந்து, வசனம் மு.கருணாநிதி. ஒரு புரட்சிக் கவிஞர், ஒரு மர்ம நாவலாசிரியர், இருபதுகளின் நடுவில் இருந்த ஒரு கட்சிக்காரப் பையன். மூன்று பேருக்கும் ஒரே கேட். கண்ணதாசனும் இங்கே வேலை பார்த்தவர்தான், 1954-ல் 'இல்லற ஜோதி'க்கு வசனம் எழுதினார். 1947-ல் வந்த 'ஆயிரம் தலை வாங்கி அபூர்வ சிந்தாமணி'யின் நாயகி வி.என்.ஜானகி. கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜானகி, மூன்று முதலமைச்சர்கள் இந்த வளைவுக்குள் போய் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள்.

இதில் நம்ம க்ரைம் ரசிகர்களுக்கு முக்கியமானவை இரண்டு. 'திகம்பர சாமியார்' நம்பியார் படம். ஆமா, அதே நம்பியார், கையைப் பிசையும் வில்லன். இதில் அவர்தான் துப்பறியும் நாயகன், பத்துக்கும் மேற்பட்ட மாறுவேஷம். முகத்தில் ஒட்டும் தாடியை விட அவர் நடையையும் குரலையும் மாற்றுவதைக் கவனியுங்கள். ஒரு துணை நடிகரை இப்படி மையத்தில் வைத்துப் படம் எடுக்க ஸ்டாரை நம்பி நிற்காத கம்பெனியால்தான் முடியும். அதுதான் சம்பளப் பட்டியலின் நல்ல பக்கம்.

'மந்திரி குமாரி' இன்னும் ஒரு படி மேலே. எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கத் தொடங்கினார். அவர் அமெரிக்கா போய்விட, மீதியைச் சுந்தரம் முடித்தார். தளபதியாக எம்.ஜி.ஆர். நாயகன்தான், ஆனா படத்தைத் தூக்கிக்கொண்டு போனவர் எஸ்.ஏ.நடராஜன். ராஜகுருவின் மகன் பார்த்திபன், பகலில் பெரிய மனுஷன், இரவில் கொள்ளைக் கூட்டத் தலைவன். கொள்ளையை ஒரு கலை என்று வாதாடுகிறவன். மந்திரியின் மகள் அவனைக் காதலித்துக் கல்யாணம் செய்கிறாள், பிறகுதான் அவன் யார் என்று தெரியவருகிறது. மலை உச்சிக்குக் கூட்டிப்போய்த் தள்ளப் பார்க்கிறான். அவளோ கடைசியாக ஒருமுறை கணவனைச் சுற்றிவந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி, பின்னால் வந்து அவனைத் தள்ளிவிடுகிறாள்.

யாகுசா படங்களில் நாம் கிரி, நின்ஜோ என்று இரண்டு சொல் படித்தோம் இல்லையா, செய்ய வேண்டிய கடமை ஒரு பக்கம், மனசின் பாசம் ஒரு பக்கம், நடுவில் மாட்டிக்கொண்ட ஒருவன் கடைசியில் கத்தியோடு நடந்து போவான். மந்திரி குமாரி அந்த உச்சியில் அதே இடத்தில்தான் நிற்கிறாள். பாசத்தையே கருவியாக வைத்துக் கடமையை முடிக்கிறாள். தகாகுரா கென்னுக்காவது போகும்போது கூடவே நடக்க ஒரு நண்பன் வருவான். இவளுக்கு அதுவும் கிடையாது. ஜப்பான்காரர்கள் இந்தக் கதையை ஒரு தனி வகையாக வார்க்க இன்னும் பத்துப் பதிமூன்று வருஷம் ஆனது. பெண் கையில் கத்தி கொடுத்த 'சிவப்புப் பியோனி' வரிசை 1968-ல்தான் வந்தது. போட்டிக்குச் சொல்லவில்லை, பழைய குண்டலகேசியில் இருக்கிற கதைதான். அதைக் கொள்ளைக் கூட்டப் படமாகப் பார்க்க ஒரு கம்பெனிக்குத் தோன்றியது என்பதைத்தான் சொல்கிறேன்.

வில்லனை நேசித்த கம்பெனி அது. 1953-ல் 'திரும்பிப் பார்'. 'பராசக்தி' வந்த அடுத்த வருஷம், ஊரே சிவாஜி பின்னால் போகும்போது, அவரைப் பெண்பித்தனாக, கொஞ்சமும் இரக்கம் வராத ஒருவனாக நடிக்க வைத்தார் சுந்தரம். இன்றைக்கு ஒரு மாஸ் ஹீரோ அப்படி ஒப்புக்கொள்வாரா? நெகட்டிவ் ரோல் என்று பிரஸ் மீட்டில் சொல்லிவிட்டு கடைசி ரீலில் நல்லவராக்கி விடுவார்கள்.

1956 பொங்கலுக்கு 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. தமிழின் முதல் முழுநீளக் கலர் படம். அதுக்கு முன்னாடி சில படங்களில் ஒரு பாட்டு, ஒரு கனவுக் காட்சி மட்டும் கலரில் வரும். முழுப் படத்தையும் கலரில் எடுக்கும் துணிச்சல் சேலத்திலிருந்து வந்தது. பெல்ஜியத்துக் கேவர்ட் கம்பெனியின் கேவா கலர் பிலிம். கலர் பிலிமுக்கு வெளிச்சம் அதிகம் வேணும், அதனால் விளக்கு அதிகம், சூடு அதிகம், மேக்கப், துணி, சுவர்ப் பெயின்ட் எல்லாமே புதுசாக யோசிக்கணும். கறுப்பு வெள்ளையில் சாம்பலாகத் தெரிந்த துணி இப்போ பச்சையா நீலமா என்று முடிவெடுக்கணும். ஜவுளிக்காரருக்குத் துணியின் நிறம் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியிருந்திருக்காது! எம்.ஜி.ஆர்., பானுமதி, தங்கவேலு, திருடர் தலைவனாக பி.எஸ்.வீரப்பா. இதுவும் ஒரு கேங்ஸ்டர் படம்தான் என்றால் சிரிக்காதீங்க. குகையில் மூட்டை மூட்டையாகப் பணம், கடவுச்சொல், உளவாளி, பழிவாங்கல், என்ன குறைச்சல்?

நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. ஹாலிவுட்காரர்களோடு சேர்ந்து 1952-ல் 'தி ஜங்கிள்' என்று ஒரு ஆங்கிலப் படம், தமிழில் 'காடு'. ராட் கேமரன், சீசர் ரொமீரோ எல்லாம் நடித்தார்கள். காட்டுக்குள் ஆதிகால மாமத் யானைகள் வரும் கதை. கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் எல்லாம் இல்லையே, நம்ம யானைகளுக்கே முடி வைத்து மாமத் ஆக்கிவிட்டார்கள். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்தி, சிங்களம், ஆங்கிலம் என்று ஏழு மொழியில் கைவைத்த ஸ்டுடியோ. மொத்தம் நூறு படங்களுக்கு மேல். தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபைக்குச் சுந்தரம் தலைவராகவும் இருந்தார்.

சேலத்தில் இருப்பதே அந்தக் கம்பெனியின் பலம், கடைசியில் அதுவே பலவீனமும் ஆனது. ஐம்பதுகளின் கடைசியில் கணக்கு மாறிவிட்டது. மாதச் சம்பள நடிகர் போய், கால்ஷீட் நடிகர் வந்துவிட்டார். ஒரே நாளில் காலையில் ஒரு ஸ்டுடியோ, மத்தியானம் இன்னொரு ஸ்டுடியோ என்று சுற்றும் ஸ்டாருக்குக் கோடம்பாக்கம் வசதி. சேலத்துக்கு வந்து நாள்கணக்கில் தங்குவது நஷ்டம். ஒரே இடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து வேலை வாங்கும் ஃபேக்டரிக்கு, தொழிலாளியே முதலாளியை விடப் பெரிய ஆளாகிவிட்டால் என்ன செய்ய முடியும்? கண்டிப்பு அதுக்கு மருந்து இல்லை. சுந்தரம் வேற வழி தேடினார். ஆதுர்த்தி சுப்பாராவை இயக்க வைத்து 1961-ல் 'குமுதம்' என்ற குடும்பக் கதை எடுத்தார். 1963-ல் வந்த 'கொஞ்சும் குமரி'யில் நகைச்சுவை நடிகை மனோரமாவை நாயகியாக்கினார். அவர் நாயகியாக நடித்த முதல் படம் அது. பெரிய ஸ்டார் வரவில்லை என்றால் இருப்பவரை ஸ்டாராக்கு என்பது அவருடைய பழைய வழிதான்.

1963 ஆகஸ்ட் 30-ல் அவர் இறந்தார். வயசு 56. அதே வருஷம்தான் தோயே 'ஜின்செய் கெகிஜோ: ஹிஷாகாகு' படத்தை வெளியிட்டது, யாகுசா வகை அதிலிருந்துதான் தொடங்குது என்று வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். இங்கே ஸ்டுடியோவை மகன் ராமசுந்தரம் எடுத்து நடத்தினார். அப்பா விட்டுப்போன வில்லன் பாசத்தை அவர் முழு நேரத் தொழிலாகவே ஆக்கிவிட்டார். 1965-ல் 'வல்லவனுக்கு வல்லவன்', 1966-ல் 'இரு வல்லவர்கள்', 'வல்லவன் ஒருவன்', 1970-ல் 'சி.ஐ.டி. சங்கர்'. 'வல்லவன் ஒருவன்' டைட்டிலில் இயக்கம் ஆர்.சுந்தரம் என்று வரும். அவர் வேற சுந்தரம், குழம்ப வேண்டாம். ஜெய்சங்கருக்குத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்ற பேர் வந்தது இந்தப் படங்களால்தான். சுசுகி தோக்கியோவில் 'டோக்கியோ டிரிஃப்டர்' எடுத்த அதே 1966-ல் ஏற்காடு அடிவாரத்தில் ஜெய்சங்கர் துப்பாக்கியோடு ஓடிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தோடு படத் தயாரிப்பு நின்றது. தளங்கள் போய் அந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன, ரோட்டோரம் வளைவு மட்டும் மிச்சம். பார்க்க ஆசைப்படுகிறவர்கள் 'திகம்பர சாமியார்' படத்திலிருந்து ஆரம்பியுங்கள், பிறகு 'மந்திரி குமாரி', அதுக்கப்புறம் 'வல்லவன் ஒருவன்'. மூன்றும் நெட்டில் கிடைக்குது. பிரின்ட் சுமார்தான், சில இடத்தில் சவுண்ட் இரையும், ஹெட்போன் போட்டுப் பாருங்க.